அப்பா என்ன சொல்லியிருப்பார்?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன்பு என் அப்பாவுக்குத் திடீரென்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அவருக்கு அப்போது வயது 61. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று மாலை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் எங்களை உட்காரவைத்து உறுப்பு தானம் பற்றிக் கேட்டார். அம்மா பேசும் நிலையில் இல்லை. அண்ணன் "வேண்டாம்" என்றார். எனக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது, ஆனால் அப்பா இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. கடைசியில் மறுத்துக் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்து இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. சில நாடுகளில் இறந்தவர்களின் உறுப்புகளைத் தானாகவே எடுத்துக்கொள்ளலாம், விருப்பமில்லாதவர்கள் மட்டும் முன்கூட்டியே "வேண்டாம்" என்று பதிந்துவைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்தேன். அப்படி ஒரு சட்டம் அன்று இருந்திருந்தால் இந்த முடிவே எங்கள் தலையில் விழுந்திருக்காது அல்லவா? இதைச் சொன்னால் அண்ணன், "உடம்பு என்ன அரசாங்கச் சொத்தா?" என்று கோபப்படுகிறார். எங்களில் யார் சொல்வது சரி? நாங்கள் அன்று செய்தது தப்பா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் செய்தது தப்பில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. உங்களை உட்காரவைத்துக் கேட்டாரே ஒருவர், அதே வேலையைத்தான் நானும் பல வருடங்களாகச் செய்கிறேன். "வேண்டாம்" என்று சொன்ன குடும்பங்கள் எத்தனையோ பேரை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாமி, சடங்கு, பயம் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் நான் அதிகம் கேட்ட காரணம் நீங்கள் எழுதியிருப்பதுதான்: "அவர் ஒண்ணும் சொன்னதில்லையே." தெரியாதபோது இருப்பதை இருக்கிறபடி விட்டுவிடுவது மனித இயல்பு. மூன்று நாள் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வென்டிலேட்டர் சத்தத்துக்கு நடுவில் இருக்கும் ஒருவருக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இருக்காது. வேண்டாம் என்று சொன்ன எந்தக் குடும்பத்தின் மீதும் எனக்குக் கோபம் வந்ததில்லை. உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கும் வந்திருக்காது.

அடுத்தது, நீங்கள் அந்தச் சட்டத்திடம் எதிர்பார்க்கும் விடுதலை. உங்களுக்கு அது பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் இருந்திருந்தாலும் யாரோ ஒருவர் வந்து உங்களை உட்காரவைத்துப் பேசியிருப்பார்.

ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்புச் சொல்லாதவர் எல்லோரும் கொடையாளரே என்று 1979லேயே சட்டம் போட்ட நாடு அது. இன்றுவரை அங்கே குடும்பத்தைக் கேட்காமல் உறுப்பு எடுப்பதில்லை. குடும்பம் மறுத்தால் விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2020 மே மாதம் இப்படி ஒரு சட்டம் வந்தது. அங்கேயும் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமல் எதுவும் நகராது.

ஏன் கேட்கிறார்கள் என்றால், முதலில் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. இறந்தவருக்கு முன்பு புற்றுநோய் வந்ததா, ஏதாவது தொற்று இருந்ததா, அண்மையில் எங்கெல்லாம் போய்வந்தார், என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று நீளமான கேள்விப் பட்டியல் ஒன்று எங்களிடம் உண்டு. அதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் வீட்டு மனிதர்கள்தான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தச் சிறுநீரகத்தை இன்னொருவர் உடம்பில் வைப்பது பாதுகாப்பா என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு காரணத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அழுதுகொண்டிருக்கும் மனைவியைத் தாண்டி அவர் கணவரின் படுக்கையை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போக எந்த மருத்துவருக்கும் மனம் வராது. வரவும் கூடாது என்பது என் கட்சி.

சிங்கப்பூர் இதில் கொஞ்சம் கறார். 1987ல் அங்கே இதற்கான சட்டம் வந்தது. முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கு மட்டும் என்று இருந்ததைப் பிறகு விரிவாக்கினார்கள். சட்டப்படி குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. "வேண்டாம்" என்று பதிந்துவைத்தவருக்கே நாளை ஓர் உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை குறையும். 2007ல் அங்கே ஒரு குடும்பம், "இன்னும் ஒரே ஒரு நாள் பொறுங்கள்" என்று மருத்துவர்கள் முன் மண்டியிட்டுக் கெஞ்சியது செய்தியானது. சட்டத்தை மீறி யாரும் எதையும் செய்துவிடவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தால், நீங்கள் கேட்கும் "முடிவு எங்கள் தலையில் விழாமல் இருந்திருக்கும்" என்பதற்கு என்ன விலை என்று புரியும். முடிவு தலையில் விழுவது பாரம்தான். முடிவில் இடமே இல்லாமல் கதவுக்கு வெளியே நிற்பது அதைவிட லேசானது என்று நான் நம்பவில்லை.

சரி, சட்டம் வந்தால் ஒன்றுமே மாறாதா? மாறும். கேள்வி மாறும். உங்களிடம் அன்று, "தானம் செய்ய விரும்புகிறீர்களா?" என்று கேட்டிருப்பார்கள். மறுத்தவர் மட்டுமே பதிந்துவைக்கும் நாட்டில், "அவர் எப்போதாவது இது வேண்டாம் என்று சொன்னதுண்டா?" என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு நீங்கள் உங்கள் மனத்தைத் தேட வேண்டும். இரண்டாவதற்கு அப்பாவின் மனத்தைத் தேடினால் போதும். சின்ன மாற்றம் போலத் தோன்றும். அந்த நேரத்தில் சின்னதில்லை. உங்கள் வீட்டில் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும். ஆனால் அண்ணன், "அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சொல்லியிருந்தால், பெரும்பாலான நாடுகளில் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

இங்கே "தானாகவே" என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அதுதான் உங்கள் அண்ணனைக் கோபப்படுத்துகிறது என்று நினைக்கிறேன். கேட்பவர்களுக்கு, இறந்தவர் எல்லோரையும் வரிசையாக அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள் என்று ஒரு படம் மனத்தில் ஓடும். நிஜத்தில் பிரிட்டனில் நூறு பேர் இறந்தால் ஏறக்குறைய ஒருவர்தான் இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைத் தரக்கூடிய நிலையில் இறக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தபடி மரணம் நிகழ வேண்டும். வீட்டில் தூக்கத்தில் உயிர் பிரிந்தவரிடமிருந்து இதயத்தை எடுக்க முடியாது. கருவிழி இதற்கு விதிவிலக்கு. இறந்து சுமார் ஆறு மணி நேரத்துக்குள் என்றால் வீட்டில் இறந்தவர்களிடமிருந்தும் அதைப் பெறலாம். ஆகவே சட்டம் கோடிக்கணக்கான பேரைப் பற்றிப் பேசினாலும், உண்மையில் அது தொடுவது மிகச் சிலரைத்தான். அந்தச் சிலரும் திடீர் விபத்திலோ திடீர் ரத்தக்கசிவிலோ போனவர்கள். யோசித்துவைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரமே இருந்திருக்காது.

மூளைச்சாவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அண்ணனின் "வேண்டாம்" அங்கிருந்துதான் வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கை சூடாக இருக்கும். மார்பு ஏறி இறங்கும். மானிட்டரில் இதயத்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே "இறந்துவிட்டார்" என்பதை ஏற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சூடான கையைத் தொடும்போது எனக்கே ஒரு கணம் தடுமாறும். மருத்துவர்கள் அங்கே செய்வது இதுதான்: கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், கருவிழியை மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள், காதில் குளிர்ந்த நீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள், தொண்டையைத் தூண்டி இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக வென்டிலேட்டரைப் பிரித்து, ரத்தத்தில் கரியமிலவாயு ஏற ஏற, மூச்சு விட ஒரு சின்ன முயற்சியாவது வருகிறதா என்று நிமிடக்கணக்கில் காத்திருப்பார்கள். மூச்சை இயக்கும் பகுதியான மூளைத்தண்டு கொஞ்சமாவது வேலை செய்தால் அந்த நேரத்தில் உடம்பு காற்றுக்குத் தவிக்கும். தவிக்கவில்லை என்றால் அந்த மூச்சு இனி எந்திரத்தின் மூச்சு மட்டும்தான். இந்தச் சோதனைகளைச் செய்பவர்களும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்பவர்களும் வேறு வேறு குழுவினராக இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி.

அந்த விதி இருப்பதே உங்கள் அண்ணனைப் போன்றவர்களின் பயத்துக்காகத்தான். "உறுப்புக்காக அவசரப்பட்டுவிட்டார்களோ?" என்ற சந்தேகம் ஒருமுறை முளைத்துவிட்டால் சட்டம் போட்டெல்லாம் அதைப் பிடுங்க முடியாது. பிரேசில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 1997ல், மறுப்பைப் பதியாத வயதுவந்தோர் எல்லோரும் கொடையாளர் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அடையாள அட்டையில் "கொடையாளர் அல்ல" என்று முத்திரை குத்திக்கொள்ள மக்கள் முண்டியடித்தார்கள். ஏழைகளிடம், சாவதற்கு முன்பே எடுத்துவிடுவார்களோ என்ற பேச்சுப் பரவியது. மருத்துவர்களும் எதிர்த்தார்கள். 1998லேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று.

இனி, இந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது நீங்கள் பார்த்திருக்கக்கூடிய புள்ளிவிவரங்களுக்கு வருகிறேன். என் ஊகம் சரியென்றால் உங்கள் கண்ணில் பட்டது ஜெர்மனி, ஆஸ்திரியா ஒப்பீடாக இருக்கும். 2003ல் இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மொழி. ஜெர்மனியில் கொடையாளர் 12 சதவீதம், ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். மேடைக்கு மேடை காட்டப்பட்ட படம் அது. பார்த்தவுடன் யாருக்கும் தோன்றும், "அடடா, ஒரு படிவத்தை மாற்றினால் போதுமே!"

போதாது. அந்த 99.98 என்பது பட்டியலில் பெயர் இருப்பவர்களின் அளவு. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். உண்மையில் எத்தனை பேரிடமிருந்து உறுப்பு பெறப்பட்டது என்பது தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியைவிட மேலே இருப்பது நிஜம், ஆனால் எட்டு மடங்கு மேலே இல்லை. பல்கேரியாவிலும் இதே வகைச் சட்டம்தான். அங்கே பத்து லட்சம் பேருக்கு இத்தனை கொடையாளர் என்ற கணக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டத் திணறுகிறது. அமெரிக்காவில் "ஆம்" என்றவர்தான் கொடையாளர். அங்கே அந்த எண் உலகத்தின் உச்சியில் இருக்கும் ஸ்பெயினை எட்டிப்பிடித்து நிற்கிறது.

ஸ்பெயின் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் பாடநூல். சட்டம் வந்தது 1979ல் என்றேன். பத்து வருடம் கழித்து 1989ல் அங்கே நிலவரம், பத்து லட்சம் பேருக்கு 14 கொடையாளர். சட்டம் அந்தப் பத்து வருடமும் புத்தகத்தில் தூங்கியது. அந்த வருடம்தான் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு ஒன்றைத் தொடங்கி, ரஃபேல் மதேசான்ஸ் என்ற சிறுநீரக மருத்துவரிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவமனைகள்தோறும் ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தினார்கள், பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களிலிருந்தே. குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். அந்த வேலைக்கென்று பணம் ஒதுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த மரணங்களைப் பின்னோக்கி ஆராய்ந்து, "இவரிடம் ஏன் கேட்காமல் விட்டோம்?" என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். 2023ல் அந்த 14, 48ஐத் தாண்டியிருந்தது. மதேசான்ஸே, எங்கள் வெற்றிக்குச் சட்டம் காரணமில்லை, அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது கவனத்தைத் திருப்பும் வேலை என்ற பொருளில் வாதிட்டு வந்திருக்கிறார். தன் நாட்டுச் சட்டத்தைத் தானே இப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸும் ஒரு பாடம். 2015 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு இரண்டு வருடம் அங்கே தொலைக்காட்சியிலும் கடிதங்களிலும், "உங்கள் முடிவை வீட்டில் சொல்லிவையுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 58 சதவீதத்தை ஒட்டியிருந்த குடும்பச் சம்மதம் சில வருடங்களில் 75ஐத் தாண்டியது. பிரசாரத்தின் சூடு ஆறிய பிறகு அந்த உயரம் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் சட்டம் வந்தது கொரோனாவின் நடுவில். யார் காதிலும் அது விழவில்லை. சட்டத்துக்கு முன்பு மூன்றில் இரண்டு குடும்பங்கள் சம்மதித்துவந்த இடத்தில், பிறகு பத்தில் ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ஆனால் இறந்தவர் "எனக்குச் சம்மதம்" என்று பதிந்தோ சொல்லியோ வைத்திருந்தால், பத்தில் ஒன்பது குடும்பங்கள் சரி என்கின்றன. பதியாமல், மறுக்காமல், வெறுமனே இருந்தவர்கள் விஷயத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. அரசாங்கம் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாலும், மகனும் மகளும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதானே?

இப்போது அண்ணனின் பக்கம். "உடம்பு என்ன அரசாங்கச் சொத்தா?" என்பதை வெறும் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். தானம் என்ற சொல்லையே பாருங்கள். கொடுக்கிறவர் ஒருவர் இருந்தால்தான் அது தானம். கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு நம் மொழியில் வேறு சொற்கள் இருக்கின்றன, எதுவும் நல்ல சொல் இல்லை. மருத்துவ உலகமும் இந்த விஷயத்தில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் இறந்துபோன குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமலேயே மருத்துவமனைகள் எடுத்து வைத்திருந்தது 1999ல் வெளியே வந்தது. வெறும் உடலை அடக்கம் செய்தோம் என்று தெரிந்த பெற்றோர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இறுதிச் சடங்கு செய்தார்கள். சம்மதமே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று 2004ல் அங்கே புதிய சட்டம் எழுதப்பட்டது அதனால்தான். இந்த வரலாறு தெரிந்தவர்கள் சந்தேகப்பட்டால் அவர்களைப் படிக்காதவர்கள் என்று யாரும் கேலி செய்ய முடியாது.

எனக்கு இந்தச் சட்டத்தில் உறுத்தும் இடம் வேறு. யார் "வேண்டாம்" என்று பதிவார்கள்? செய்தி படிப்பவர், இணையத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவர், தன் உரிமை என்ன என்று தெரிந்தவர். யார் பதிய மாட்டார்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவர், பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர், அப்படி ஒரு பதிவேடு இருப்பதே தெரியாதவர். தெரிந்துகொண்டு சும்மா இருப்பவரின் மௌனமும் தெரியாமல் சும்மா இருப்பவரின் மௌனமும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். இங்கிலாந்துச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களையும், முடிவைப் புரிந்துகொள்ளும் மனநிலை இல்லாதவர்களையும், அந்நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவர்களையும் விலக்கி வைத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஏழைக்கு என்று ஒரு விலக்கு எழுத முடியாதே.

இவ்வளவும் சொன்ன பிறகு, அண்ணனிடம் நான் ஒன்று கேட்பேன். இப்போதைய ஏற்பாடும் ஓர் ஊகம்தான், இல்லையா? ஒன்றும் சொல்லாமல் இறந்தவர் "வேண்டாம்" என்றுதான் நினைத்திருப்பார் என்று ஊகிக்கிறோம். அது மட்டும் எப்படி அதிக மரியாதையாகிறது? கருத்துக் கேட்டால் தானத்தை ஆதரிப்பவர்கள் பல நாடுகளில் பெரும்பான்மை. பதிந்துவைத்தவர்களோ அதைவிடக் குறைவு. சோம்பல், மறதி, சாவைப் பற்றிப் பேசத் தயக்கம். அப்படிப் பார்த்தால் கொடுக்க விரும்பிய எத்தனையோ பேரின் விருப்பம் இன்று அவர்களோடு போய்விடுகிறது. மறுபக்கம் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எந்திரத்தோடு கட்டிப்போட்டது போல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்காவது ஓர் எந்திரம் இருக்கிறது. கல்லீரல் செயலிழந்தவருக்குக் காத்திருக்க நேரம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்சம்தான். சட்டத்தை ஆதரிப்பவர்களின் உண்மையான வாதம் இதுதான். அது பலமான வாதம்.

அப்படியானால் நான் எந்தப் பக்கம்? வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தால், மக்களுக்கு விஷயம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பிறகு, "வேண்டாம்" என்பது ஒரு நிமிட வேலையாக இருக்கும்போது, குடும்பத்தைக் கேட்காமல் கைவைக்க மாட்டோம் என்று எழுதியே கொடுத்தால், ஆதரித்து வாக்களிப்பேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எதிர்த்து வாக்களிப்பேன். ஆனால் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஐ.சி.யூ.க்களில் பேசத் தெரிந்த மனிதர்களை நியமியுங்கள் என்பேன். (என் வேலைக்கு நானே சிபாரிசு செய்வது போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.) 2020 ஜனவரியில் ஜெர்மனி நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை நிராகரித்துவிட்டு, அடையாள அட்டை எடுக்க வருபவர்களுக்கு விவரம் கொடுத்து யோசிக்கச் சொல்லலாம் என்ற வழியை எடுத்தது. எல்லோரையும் ஒருமுறையாவது நேராகக் கேட்டுவிடுவது என்ற யோசனை எனக்குப் பிடித்தமானது. கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பேசுவது என்று சொன்னேன் அல்லவா, அதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பாடம் மனப்பாடமாக இருந்தது: "ஒருவர் எட்டுப் பேருக்கு வாழ்வு தரலாம்." ஓர் அம்மாவிடம் அதைச் சொன்னேன். கணவருக்கு மூளைச்சாவு உறுதியாகி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்த எட்டுப் பேரும் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்கு இவரைத்தான் தெரியும்" என்றார். அதன் பிறகு அந்த வாசகத்தை நான் பயன்படுத்துவதே இல்லை. "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் தொடங்குகிறேன். எப்படிப்பட்ட மனிதர், யாருக்கு உதவுவார், எதற்குக் கோபப்படுவார் என்று பேசிக்கொண்டே போனால், சில வீடுகளில் பதில் தானாக வரும். ஒரு வீட்டில் மகன் சட்டென்று, "அவர் ரத்ததானம் செய்யாத வருஷமே இல்லையே" என்றான். இன்னொரு வீட்டில், "சின்ன ஆபரேஷனுக்கே பயந்து ஓடியவர், வேண்டாங்க" என்றார்கள். இரண்டையும் நான் ஒரே மாதிரிதான் எழுதிக்கொண்டேன்.

உங்கள் அப்பாவைப் பற்றியும் அன்று யாராவது இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதை இன்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்பாவின் பதில் அவரோடு போய்விட்டது. உங்கள் அம்மா, அண்ணன், நீங்கள், மூன்று பேரின் பதில்கள் இன்னும் இருக்கின்றன.

உறுப்பு தான அட்டை வாங்குங்கள், பதிந்துவையுங்கள். ஆனால் அலமாரிக்குள் இருக்கும் அட்டையால் பேச முடியாது. நாளை உங்களுக்காக அந்த நாற்காலியில் யார் உட்காருவாரோ அவர் காதில் போட்டுவைப்பதுதான் முக்கியம். துக்க வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நாளில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்றில்லை, சிறுநீரகம் சரி, கண் மட்டும் வேண்டாம் என்று பிரித்தும் சொல்லலாம். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், எது பயன்படும் என்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இறந்தவரின் முகம் மாறிவிடுமோ என்று அம்மா கவலைப்பட்டால், முகம் மாறாது, மற்ற அறுவை சிகிச்சைகளைப் போலவே தைத்து மூடித்தான் உடலைத் தருவார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் உடல் கைக்கு வரச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடத் தாமதமாகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பல குடும்பங்களைக் காயப்படுத்துவது அந்தத் தாமதம்தான்.

அண்ணனிடம் சட்டத்தைப் பற்றி வாதாடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். "உனக்கு என்ன வேண்டும், அண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். அவர், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் மாற்றப் பார்க்காதீர்கள், ஏன் என்று குடையாதீர்கள். தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் விருப்பத்தை அவரிடம் சொல்லி, அதையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.